ஆறுக்கு ஆறு

“எனக்கு ஈரல் கெட்டுப்போச்சுன்னா தம்பிகிட்ட எடுத்து மாட்டிக்குவேன். கிட்னி கெட்டுப்போச்சுன்னா அக்கா மகன்கிட்ட எடுத்து மாட்டிக்குவேன். ஸ்பேர் பார்ட்ஸ் பூராவும் வீட்டுக்குள்ளயே கெடக்கு. வெளியாள்கிட்ட ஒரு நகத்துண்டு வாங்கணும்கிற நெலம இந்த ரத்தத்துக்கு என்னைக்கும் வராது. ஏன்னா, நாங்க பூராப் பேரும் ஒரே அச்சு!”

இந்த உரை குலசாமி கோயில் கொடையன்று, கிடா விருந்துக்குச் சற்று முன்னால், ஒலிபெருக்கியில் ஆற்றப்பட்டது. ஆற்றியவர் செட்டியார்பட்டி சங்கிலிப்பாண்டி. ஒலிபெருக்கி இல்லாமலும் ஆற்றியிருக்கலாம். அவருக்குக் காது மந்தம், ஆகவே தொண்டை தாராளம். கேட்டுக்கொண்டிருந்த பங்காளிகளுக்கும் காது மந்தம் என்பதால் கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை. கறி வெந்துவிட்டது என்று யாரோ சைகை காட்டிய பிறகே நின்றது.

அன்னாரின் வாழ்க்கையைப் பிற்காலத்தவருக்காக எழுதிவைப்பது நம் கடமை. மலையடிவாரத்தில் தென்னையும் மாவும் நிற்கிற தோப்பு. இராஜபாளையத்துக்கு வெளியே, பேண்டேஜ் துணி நெய்கிற தறிக் கொட்டகை. ஊர் உலகத்துப் புண்ணுக்கெல்லாம் கட்டு இவரிடமிருந்து போயிற்று. தன் உடம்பில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். வீட்டுக்குப் பின்னால் வெள்ளை நாய்கள்.

நாய்களைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, ஒரு புள்ளி கிடையாது. பாதி நாய்களுக்குக் காது கேட்காது. “அசலுக்கு அதுதான் அடையாளம்” என்பார். வெளியிலிருந்து கடுவன் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. தாய்க்கு மகன், அக்காவுக்குத் தம்பி என்று உள்ளேயே முடித்துக்கொள்வார். புள்ளியோடு பிறந்த குட்டி, கண் திறக்கும் முன்னே வாளித் தண்ணீரில் முடிந்துபோகும்.

தன் குடும்பத்தையும் அவர் ஏறக்குறைய இதே முறையில்தான் நடத்தினார். வாளி ஒன்றுதான் குறை. அவருடைய அப்பா தன் அக்கா மகளைக் கட்டினார். தாத்தாவும் அப்படியே. அவருடைய அக்கா அங்காளம்மாள் தாய்மாமனையே கட்டினாள். தம்பி வேல்சாமி பட்டாளத்தில் இருந்தபடியே பல வருடம் காத்திருந்து, அங்காளம்மாளின் மகள் பொன்மணி ஆளாகி வந்ததும் கட்டினார். நிலம் பிரியாது, நகை வெளியே போகாது, மூக்கு மாறாது. காதும் மாறவில்லை. முப்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் காது அடைத்தது. “நம்ம வம்சத்துக்கு ராஜ லட்சணம்லே அது” என்று சொல்லி, அதையும் சீரோடு சேர்த்துக்கொண்டார்கள். வேல்சாமி மட்டும் தன் காது அடைத்த பழியைப் பீரங்கியின் மேல் போட்டார். பட்டாளத்தில் அவர் சமையல் பிரிவில் இருந்தவர்.

சங்கிலிப்பாண்டியின் வாழ்வில் ஒரே கறை, அவருடைய கல்யாணம். அவருக்குக் கல்யாண வயது வந்தபோது முறைப்பெண் பொன்மணி தொட்டிலில் கிடந்தாள். காத்திருக்கலாமா என்று அப்பா யோசித்தார், ஜாதகம் சம்மதிக்கவில்லை. ஆளில்லாத குறைக்கு வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்திலிருந்து மாரிக்கனியைக் கொண்டுவந்தார்கள். அவளும் இன்னொரு விவசாயக் குடும்பத்துப் பெண்தான். நல்ல நிறம், நல்ல காது. ஆனால் அச்சு வேறு. அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் பெயர் ‘மகாராஜபுரத்துக்காரி’. மகள் அனுசியா பிறந்தபோது, குழந்தையைத் தூக்கிப் பார்த்த சங்கிலிப்பாண்டியின் அப்பா சொன்ன முதல் வார்த்தை: “பாதிதான் நம்ம சரக்கு.”

அனுசியா வளர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கல்லூரிக்குப் போய்வந்த நாட்களில், வெள்ளை நாய் ஒன்று வேலி தாண்டித் தெருநாயிடம் போய்வந்துவிட்டது. செம்பழுப்பில் நாலு குட்டி. நாலும் வாளிக்குப் போயின. மாரிக்கனி கையை விட்டு ஒன்றை மட்டும் எடுத்து, முந்தானையில் துடைத்து, விறகு அடுக்கின் பின்னால் வைத்தாள். அதற்குப் பெயர் வைக்கவில்லை. சங்கிலிப்பாண்டி அதைப் பார்க்கும்போதெல்லாம் “ஏய்” என்றார். அதுவே பெயராகிவிட்டது.

பிறகு காலம் வந்தது. காலில் வீக்கம், முகத்தில் வீக்கம். சங்கிலிப்பாண்டி அதைச் செழிப்பு என்று நினைத்தார். மூச்சு முட்டியபோதுதான் டாக்டரிடம் போனார். இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திப் பல நாள் ஆகியிருந்தது. வாரம் தவறாமல் டயாலிசிஸ் ஊசிக்குக் கை நீட்டினார். குடிக்கிற தண்ணீருக்கு அளவு வைத்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பால்கோவா வாங்கி வந்தார்கள். அவர் அதைச் சாப்பிடக்கூடாது என்று தெரிந்ததும், வீணாகப் போகக் கூடாதென்று அவர் முன்னாலேயே உட்கார்ந்து தின்று தீர்த்தார்கள்.

டயாலிசிஸில் ரொம்ப நாள் ஓட்ட அவருடைய இருதயம் தாங்காது, மாற்றுக் கிட்னி வைத்தால்தான் உயிர் என்று மதுரை டாக்டர் ஞானபாக்கியம் சொன்னார். சங்கிலிப்பாண்டி சிரித்தார். ஸ்பேர் பார்ட்ஸ் வீட்டிலேயே கிடக்கிறவர் வேறென்ன செய்வார்?

டாக்டர் பொறுமையாக விளக்கினார். “உங்க உடம்புல ஒவ்வொரு செல்லும் தன் மேல சில கொடி நட்டு வச்சிருக்கும். ஹெச்.எல்.ஏ.ன்னு பேரு. அப்பாகிட்டருந்து ஒரு செட், அம்மாகிட்டருந்து ஒரு செட். ரத்தத்துல இருக்கிற காவல்காரன் சுத்திச் சுத்தி வந்து கொடியைப் பார்ப்பான். நம்ம கொடியா, விட்டுருவான். வேற கொடியா, அடிப்பான். அதனால முக்கியமா ஆறு கொடி ஒத்துப்போகுதான்னு பார்ப்போம்.”

“அட, நம்ம குடும்பத்துலயும் அதான் நடக்கு” என்றார் சங்கிலிப்பாண்டி.

“எல்லாருக்கும் ரெண்டு செட்டும் வேற வேறயா இருக்கும். ஆளுக்கு ஆள் இம்புட்டு மாறுற சமாச்சாரம் உடம்புல வேற கிடையாது. ஒரு கிருமி ஒரு கொடிக்குத் தப்பினாலும் இன்னொண்ணுல மாட்டிக்கும். நாய், எலி, மாடு எல்லாத்துக்கும் இதே ஏற்பாடுதான். ஆனா உங்களுக்கு ரெண்டு செட்டும் ஒண்ணாவே இருக்கு.”

“பாத்தீங்களா!” சங்கிலிப்பாண்டி படுக்கையில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு பக்கமும் ஒரே கொடி! மிஷினே சொல்லிருச்சு!”

“இது பாராட்டு இல்லங்க.”

“எங்க நாயும் அப்பிடித்தாம்மா. சுத்தம்.”

“நாய்க்குக் காது கேக்குமா?”

“கேக்காது. அசலுக்குக் கேக்காது.”

“உங்களுக்கு?” என்று டாக்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“என்னம்மா சொன்னீங்க?” என்றார் சங்கிலிப்பாண்டி.

டாக்டர் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு கிட்னி கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தம்பி இருக்கிறார், அக்கா மகன் இருக்கிறார் என்றார் சங்கிலிப்பாண்டி.

“தம்பி சரி. அக்கா மகன் சட்டப்படி நெருங்கிய உறவுல வரமாட்டார். அனுமதி குடுக்கிற கமிட்டிக்குப் போகணும். உங்க மனைவி அந்த உறவுல வருவாங்க.”

“அவளா? அவ வெளியாளும்மா.”

மாரிக்கனி அப்போது கட்டிலின் கால்மாட்டில், அவருடைய செருப்பைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் அனுசியாவையும் டாக்டர் சோதித்தார். பாதிப் பொருத்தம். ஆனால் ஏதோ ஒரு பரம்பரைப் பழுதைச் சந்தேகிப்பதாகவும், அப்பாவிடமிருந்து அதில் ஒரு பங்கு இவளுக்கும் வந்திருக்கும் என்பதால் இவளிடம் எடுக்கப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்.

ஆகவே தம்பி வேல்சாமிக்கு ஆள் போயிற்று. நாட்டைக் காத்த வீரர் மீசையைத் தடவியபடி வந்தார், விஷயத்தைக் கேட்டார், மீசையிலிருந்து கையை எடுத்தார்.

“அண்ணே, உயிரக் கேளு, தாரேன். கிட்னிதான் கேக்கணுமா?”

“ஏலே, கிட்னிதாம்லே கெட்டுப்போச்சு!”

“அதுக்கில்லண்ணே. ஒனக்கு எங்கிட்டது சேருமான்னு ரோசிக்கேன். என்னத் தவுட்டுக்கு வாங்குனதா அம்மா சொல்லுமே, மறந்துட்டியா?”

அந்த வீட்டில் வேல்சாமிக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் பிறந்து தவறியிருந்தன. அதனால் இவர் பிறந்ததும், கண்பட்டுவிடாமல் இருக்க, பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒருபடி தவிடு அளந்து விலைக்கு வாங்கியதாகச் சடங்கு செய்தார்கள். ஊரில் எத்தனையோ வீட்டில் செய்கிற சடங்கு. ஆனால், அந்தத் தவிட்டை வைத்து ரத்த உறவையே ரத்து செய்யப் பார்த்த முதல் மனிதர் வேல்சாமிதான்.

“அப்போ நீ எங்க அப்பனுக்குப் பொறக்கல?” என்றார் சங்கிலிப்பாண்டி.

“பொறந்திருக்கலாம்ணே. உறுதியாச் சொல்ல நான் யாரு?”

“அப்பிடின்னா தோப்புல உன் பங்கையும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரிகிட்டப் போயிக் கேளு!”

தோப்பு என்றதும் வேல்சாமி மீண்டும் சங்கிலிப்பாண்டியின் அப்பாவுக்கே பிறந்தார். ரத்தம் கொடுத்தார். ஆறுக்கு ஆறு பொருந்தியது. ஒரு கொடிகூட விலகவில்லை. சங்கிலிப்பாண்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கோயில் கொடைக் குரலில் கத்தினார்: “ஒரே அச்சு!” பக்கத்து வார்டில் ஒருவருக்கு ஊசி தவறியது.

மறுநாள் வேல்சாமியின் மூத்திரச் சோதனை வந்தது. டாக்டர் சகோதரர்கள் இருவரையும் உட்காரவைத்தார். கிட்னியையும் காதையும் சேர்த்தே கெடுக்கிற பழுது ஒன்று குடும்பத்தில் இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் பெரிதாக ஒன்றும் செய்யாது. அப்பா வழியிலும் வந்து அம்மா வழியிலும் வந்தால் ஆளை முடித்துவிடும். இவர்கள் வீட்டில் இரண்டு வழியும் ஒரே வழிதான். வேல்சாமியின் கிட்னியும் அண்ணன் போன பாதையில் பாதித் தூரம் வந்தாயிற்று.

வேல்சாமிக்குச் சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் முறை உரக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை எழுதிக் காட்டினார்கள். கிட்னி கொடுக்காமல் தப்பிக்க வந்தவர், தனக்கு ஒன்று தேட வேண்டியவராக எழுந்தார்.

“அண்ணே, எனக்கு யாருண்ணே குடுப்பா?”

“ஒம் பொண்டாட்டிகிட்டக் கேளு.”

“அவ அக்கா மகள்லா!” என்றார் வேல்சாமி. அப்போதுதான் தன் கல்யாணத்தின் அருமை அவருக்கு முழுதாகப் புரிந்தது.

சங்கிலிப்பாண்டி டயாலிசிஸுக்கும் வீட்டுக்குமாக அலைந்த அந்த நாட்களில், வெள்ளை நாய்களுக்குக் காய்ச்சல் வந்தது. மூக்கில் சளி, வாயில் நுரை, பின் வலிப்பு. நாய்க்குத் தடுப்பூசி போடுவது அசலுக்கு அவமானம் என்று இருந்தவர் அவர். கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, “எல்லாம் ஒரே அச்சு சார். கிருமிக்கு ஒரு வீட்டுச் சாவி கெடச்சா தெருவே தொறந்துருது” என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பரிசுக் கோப்பை வாங்கிய தாயும், அதன் மகனும் கணவனுமான கடுவனும், மற்ற எல்லாமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோப்பில் புதைக்கப்பட்டன. ‘ஏய்’ மட்டும் நாலு நாள் மூக்கொழுக விறகு அடுக்கில் கிடந்தது. ஐந்தாம் நாள் எழுந்து, செத்த நாய்களின் தட்டுகளையெல்லாம் நக்கிச் சுத்தம் செய்தது.

சங்கிலிப்பாண்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏய்” என்று அதட்டவும் மூச்சில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அக்கா அங்காளம்மாள் மகன் ஜெயபாண்டியை அழைத்துக்கொண்டு வந்தாள். ஜெயபாண்டி வாட்டசாட்டமானவன். ஒரு காதில் மட்டும் கருவி மாட்டியிருந்தான். அக்கா பேரம் பேச வந்திருந்தாள். இப்படிப்பட்ட பேரத்தை நாகரிகமானவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு காதோடு காதாகப் பேசுவார்கள். இங்கே காது என்ற சாதனம் கிடையாது. ஆகவே முழுதும் கத்தலாக நடந்தது. எதிர்வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

“ஏலே சங்கிலி! எம் மகன் கிட்னி தாரான்!”

“நெசமாவா அக்கா!”

“சும்மாவா தருவான்? அனுசியாவ அவனுக்குக் கட்டிக்குடு! மொறப்பொண்ணு எங்க போனா? கல்யாணம் முந்தி, கிட்னி பொறவு!”

“கிட்னி முந்தி, கல்யாணம் பொறவு! நான் செத்துப்போனா பந்தக்கால் யாரு நடுவா?”

“நீ பொழைச்சிட்டு மாத்திப் பேசுவ!”

“அப்பிடின்னா நிச்சயம் முந்தி!”

நிச்சயம் முந்தி, கிட்னி நடுவில், கல்யாணம் கடைசி என்று தீர்ந்தது. ஜெயபாண்டி காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். அனுசியா உள் அறையில் இருந்தாள். அவளுக்கு நல்ல காது, எல்லாம் கேட்டது.

மாரிக்கனி காபி கொண்டுவந்து வைத்தாள். “மதினி, பிள்ள படிச்சிட்டிருக்கா” என்றாள்.

“என்னது?”

“ஒண்ணுமில்ல. சீனி போதுமான்னு கேட்டேன்.”

ஜெயபாண்டிக்கும் ஆறுக்கு ஆறு வந்தது. அங்காளம்மாள் தட்டு, பூ, தேங்காய் எல்லாம் வாங்கிவிட்டாள். கமிட்டிக்கு மனு தயாரானது. அதற்குள் மற்றச் சோதனைகளும் வந்தன. டாக்டர் ஞானபாக்கியம் இந்த முறை கத்தவில்லை. நேரே எழுதிக் காட்டினார். அதே பழுது. இளவயது என்பதால் இன்னும் தெரியவில்லை; பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தெரியும். இந்தக் குடும்பத்தில் யார் கொடி முழுதாக ஒத்துப்போகிறதோ, அவர் கிட்னிக்கும் இதே கதிதான் என்று பார்த்துவருகிறோம் என்றும் எழுதினார்.

அங்காளம்மாள் அதை மகனிடம் வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, தேங்காயைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

சங்கிலிப்பாண்டிக்கு வீக்கம் கழுத்துவரை ஏறியது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். ஒரே அச்சில் வார்த்த பங்காளிகள் பார்க்க வருவதை நிறுத்தினார்கள். வந்தால் ரத்தம் எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு பரவியிருந்தது. கோயில் கொடையில் முன்வரிசையில் கைதட்டியவர் ஒருவர், தான் உண்மையில் மருமகன் வழியில் வந்தவன் என்று ஊருக்குள் சொல்லிவந்தார்.

மாரிக்கனி ஒருநாள் காலையில் தனியாக ரயில் ஏறி மதுரைக்குப் போனாள். ரத்தம் கொடுத்தாள், எல்லாச் சோதனையும் முடித்தாள். சில நாள் கழித்து, அங்காளம்மாளும் வேல்சாமியும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, முடிவைச் சொன்னாள்.

“ஆறுக்கு சைபர்னு டாக்டரம்மா சொன்னாக. ஒரு கொடிகூட ஒத்துவரலியாம். அது எனக்குக் கல்யாணம் ஆன மறுநாளே தெரியும்.”

“பொறவு எதுக்குப் போன?” என்றார் சங்கிலிப்பாண்டி.

“ரத்த குரூப் சேருதாம். எங் கிட்னி ரெண்டும் புதுசு கணக்கா இருக்காம். கொடி ஒத்துவரலேன்னாலும் வைக்கலாமாம். காவல்காரன் அடிக்காம இருக்க ஆயுசுக்கும் மாத்திர போடணுமாம்.”

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கல்யாணத்தன்று பார்த்தது; பிறகு இன்றுதான் இவ்வளவு நேரம் பார்க்கிறார்.

“தாரியா?” என்றார். அவர் வாழ்வில் மிகத் தாழ்ந்த குரலில் பேசிய வார்த்தை அது.

“தாரேன். அனுசியா கல்யாணத்தப் பத்தி இனிமே நீங்க பேசக் கூடாது. உங்க அக்கா பேசக் கூடாது. அவ படிச்சு முடிச்சு, அவ சொல்ற எடத்துலதான். அத உங்க அக்காகிட்ட இப்பமே சொல்லணும்.”

சங்கிலிப்பாண்டி அக்காவைப் பார்த்து ஏதோ முனகினார்.

“என்னலே?” என்றாள் அங்காளம்மாள்.

“அவியளுக்குக் கேக்கல” என்றாள் மாரிக்கனி. “கேக்குற மாதிரி சொல்லுங்க.”

அவர் கொஞ்சம் உரக்கச் சொன்னார். அங்காளம்மாள் கையைக் காதில் குவித்தாள். இன்னும் உரக்க. வேல்சாமிக்கும் கேட்கவில்லை. கடைசியில் சங்கிலிப்பாண்டி மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டி, கோயில் கொடைக் குரலில் கத்தினார்: “எம் மகள வெளியிலதான் குடுப்பேன்! அவ இஷ்டம்!”

எதிர்வீட்டில் தொலைக்காட்சி மறுபடி நின்றது. தெருவில் போன டவுன் பஸ்ஸில் இருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒரு குடும்பத்தின் பல தலைமுறைச் சட்டம் இவ்வளவு சாட்சிகளோடு ரத்தானது செட்டியார்பட்டியில் அதுவே முதல் தடவை. அங்காளம்மாள் எழுந்து, வந்த பையை எடுத்துக்கொண்டு, தான் கொண்டுவந்த பால்கோவாவையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆபரேஷன் நடந்தது. மாரிக்கனியின் இடது கிட்னி சங்கிலிப்பாண்டியின் அடிவயிற்றில் வைக்கப்பட்டது. தைத்து முடிக்கும் முன்பே மூத்திரம் இறங்க ஆரம்பித்துவிட்டதாம். கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பையில் மஞ்சளாக நிறைவதை அவர் கண் விழித்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றில் கட்டியிருந்தது தன் கொட்டகைத் துணியா என்று நர்ஸிடம் கேட்டார். இல்லை, மட்டமான துணி என்று அதை வாங்குவதில்லை என்றாள் நர்ஸ்.

வருடம் ஒன்று ஓடியது. மாரிக்கனி இடுப்பில் வடுவோடு அடுப்படிக்கும் தோப்புக்குமாக நடக்கிறாள். கனமான குடத்தைத் தூக்கும்போது மட்டும் சற்று நேரம் நின்று மூச்சு வாங்குகிறாள். அவளை இப்போதும் வீட்டில் மகாராஜபுரத்துக்காரி என்றுதான் சொல்கிறார்கள். அனுசியா மேற்படிப்புக்குப் போய்விட்டாள். இந்த வருடக் கோயில் கொடையில் ஒலிபெருக்கியைச் சங்கிலிப்பாண்டிக்கு நீட்டினார்கள். கூட்டத்தில் கிருமி தொற்றும், டாக்டர் கூடாது என்றிருக்கிறார் என்று முகக்கவசத்தைக் காட்டித் தள்ளிப் போய்விட்டார்.

நேற்றுக் காலை வேல்சாமி வந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. அண்ணன் அருகில் உட்கார்ந்து, சுற்றும் முற்றும் பார்த்து, தனக்கு மெதுவான குரல் என்று பட்ட குரலில் கேட்டார்.

“அண்ணே, மதினி ஊர்ல எனக்குக் குடுக்க யாராச்சும் இருப்பாகளா?”

அந்த நேரம் சங்கிலிப்பாண்டியின் போன் மேசைமேல் கூவ ஆரம்பித்தது. மாத்திரைக்கு வைத்த அலாரம். சகோதரர்கள் இருவரும் அதன் பக்கத்திலேயே அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் படுத்திருந்த ‘ஏய்’ தலையைத் தூக்கிற்று; எழுந்து வந்து சங்கிலிப்பாண்டியின் முழங்காலை மூக்கால் இடித்தது. அவர் அதன் தலையை ஒருமுறை தடவிவிட்டு, டப்பாவைத் திறந்தார்.

“இன்னுமாண்ணே மாத்திர? அதான் கிட்னி நல்லா ஓடுதே?”

“இது கிட்னிக்கு இல்லலே.”

“பின்ன எதுக்கு?”

“நம்ம ரத்தத்துக்கு” என்றார் சங்கிலிப்பாண்டி. “அது வாயப் பொத்திக்கிட்டுக் கெடக்கணும். அதுக்கு.”

மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கி, தண்ணீர் குடித்தார்.